அந்த மெரூன் கிச்சனைக் கழற்றி எறியாதே!

நேற்று ராத்திரி நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெங்களூர் பேகூர் ரோடு ஃப்ளாட், பன்னிரண்டு வருஷத்து மாடுலர் கிச்சன், மேலும் கீழும் மெரூன் நிறத்தில் முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும் ஷட்டர்கள். "கார்பென்டர் வந்து பார்த்துட்டு, எல்லாத்தையும் எடுத்துப் போட்டுட்டுப் புதுசா பண்ணிடலாம்னு சொல்றாருக்கா" என்று கீழே எழுதியிருந்தாய். அவர் அப்படித்தான் சொல்வார். இட்லிக் கடைக்காரரிடம் போய், இன்றைக்கு விரதம் இருக்கலாமா என்று யோசனை கேட்கலாமா?

ரீசேல் ஃப்ளாட்டுக்குப் பதிவுச் செலவு, அசோசியேஷன் கட்டணம் என்று கை காலியாகி நிற்கிற நேரம். நிறம் பிடிக்கவில்லை என்பதற்காகக் கிச்சனையே பெயர்க்க வேண்டாம். பெயின்ட் அடிக்கலாம், நன்றாகவே நிற்கும். ஆனால் பெயின்ட் அடிப்பது கடைசி வேலை. முக்கால் பங்கு வேலை அதற்கு முன்னால் இருக்கிறது. அந்த முக்கால் பங்கைத் தாண்டிக் குதித்தவள் நான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் கதை உனக்குத் தெரியும், பாதிதான் தெரியும். 2019-ல் காக்ஸ் டவுன் வீட்டுக் கிச்சனுக்கு நானே பெயின்ட் அடித்தேன். பளபள சன்மைக்கா. விம் போட்டுத் துடைத்தேன், காய்ந்ததும் நேராக ஆயில் எனாமல், இரண்டு கோட். தீபாவளிக்கு வந்தவர்கள் எல்லாரும் "புதுசா போட்டீங்களா?" என்று கேட்டார்கள். நானும் ஆமாம் என்கிற மாதிரி ஒரு சிரிப்பு சிரித்து வைத்தேன். பொங்கலுக்குள் சிங்க் பக்கத்து ஷட்டரில், ஈரக் கைத்துண்டு தொங்கும் இடத்தில், நகம் அளவுக்கு ஒரு கொப்புளம். சும்மா இருக்காமல் அதைக் கிள்ளினேன். வெங்காயச் சருகு மாதிரி உரிந்தது. ஒரு சாண் அகலத்துக்கு ஒரே துண்டாக வந்துவிட்டது. அடியில் பழைய மைக்கா ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே மின்னியது. பெயின்ட்டுக்கும் மைக்காவுக்கும் நடுவே எந்த உறவும் ஏற்படவே இல்லை. மூன்று மாதம் சும்மா ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஏன் அப்படி? மரத்தில் பெயின்ட் அடித்தால் மரம் கொஞ்சம் குடிக்கும், அந்த வழியில் பெயின்ட்டுக்கு வேர் இறங்கும். மைக்கா குடிக்காது. பெயர்தான் மைக்கா; அதில் காக்காப்பொன் ஒரு துளிகூடக் கிடையாது. 1912-ல் அமெரிக்காவில் இரண்டு பொறியாளர்கள், மின்காப்புக்குப் பயன்பட்ட காக்காப்பொன்னுக்கு மாற்றாக, பிசினில் ஊறிய தகடு ஒன்றைச் செய்தார்கள். மைக்காவுக்கு மாற்று என்பதால் ஃபார்மிகா என்று பெயர் வைத்தார்கள். நம் ஊரில் சன்மைக்கா என்ற கம்பெனிப் பெயரே பொருளின் பெயராகிவிட்டது. உள்ளே இருப்பது பழுப்புத் தாள் அடுக்குகள், மேலே டிசைன் தாள், அதற்கும் மேலே மெலமைன் பிசின், எல்லாம் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒரே தகடாக இறுகியது. எண்ணெயும் தண்ணீரும் உள்ளே போகக் கூடாது என்றே செய்த பொருள். பெயின்ட்டை மட்டும் உள்ளே விடுமா? நாம்தான் பிடிமானம் உண்டாக்கித் தர வேண்டும். இந்த ஒன்று மனசில் பதிந்துவிட்டால், இனி நான் சொல்லும் ஒவ்வொரு வேலையும் எதற்கு என்று உனக்கே புரியும்.

ஷட்டருக்கு வருவதற்கு முன் பெட்டியைப் பார். சிங்க்குக்கு அடியில் இருக்கும் சாமானை எல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு, டார்ச் அடித்து, பின்பக்க மூலைகளைக் கட்டை விரலால் அழுத்திப் பார். கல் மாதிரி இருந்தால் சரி. பிஸ்கட் மாதிரி உள்ளே போனாலோ, ஓரம் பொரி மாதிரி உப்பியிருந்தாலோ, அந்தப் பெட்டிக்கு ஆயுள் முடிந்தது. அதை மட்டும் மாற்று. பெரும்பாலும் சிங்க் பெட்டி ஒன்றுதான் போயிருக்கும், மற்றதெல்லாம் நன்றாக இருக்கும். ஒன்று போனதைக் காட்டி எல்லாமே போச்சு என்பார்கள், நம்பாதே. பலகையில் எங்காவது அச்சு தெரிகிறதா என்றும் பார். ஐ.எஸ். 710 என்றிருந்தால் மரைன் ப்ளைவுட். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டும் ஒட்டு விடாமல் நிற்கிறதா என்று சோதிக்கிற ரகம். ஐ.எஸ். 303 என்றால் அதற்கு ஒரு படி கீழே, அதுவும் உலர்ந்த பெட்டிகளுக்குப் போதும். (ப்ளைவுட் ஆராய்ச்சிக்கென்றே 1962-ல் தொடங்கிய மத்திய நிறுவனம் ஒன்று நம் தும்கூரு ரோட்டிலேயே இருக்கிறது. எத்தனையோ தடவை அந்த வழியாகப் போயும் நான் கவனித்ததில்லை.)

அடுத்தது, உன் ஷட்டர் எந்த ஜாதி? பளபளப்பு எல்லாம் ஒன்றல்ல. ஓரத்தைப் பார். முன்பக்கத் தகடும் ஓரப்பட்டையும் சேருகிற இடத்தில் மெல்லிய கோடு தெரிந்து, நகத்தால் சுரண்டினால் கீறல் விழவில்லை என்றால் மைக்கா. உன்னுடையது அதுதான் என்று நினைக்கிறேன். அதே மாதிரி கோடு இருந்து, ஆனால் ஆழமாக, கண்ணாடிக்குள் நிறம் ஊற்றின மாதிரி தெரிந்து, மேலே தலைமுடி மாதிரி மெல்லிய கீறல்கள் நிறைய இருந்தால் அக்ரிலிக். அதன் மேல் தின்னர் பட்டாலே மேற்பரப்பு வெடித்துப் பாழாகும். அதைப் பெயின்ட் அடிக்காமல் பாலிஷ் போடுவதோடு விட்டுவிடு. முன்பக்கத்தில் கோடே இல்லாமல், ஓரமெல்லாம் வளைந்து, பிளாஸ்டிக் தோல் போர்த்தின மாதிரி இருந்தால் மெம்ப்ரேன். அடுப்புச் சூட்டில் ஓரம் உரிந்து எழும்புவது இந்த ரகம்தான். உரிய ஆரம்பித்த தோலின் மேல் பெயின்ட் அடிப்பது வீண் வேலை. ஹாட் ஏர் கன் வைத்து முழுசாக உரித்துவிட்டு, அடியில் இருக்கும் எம்.டி.எஃப். பலகைக்கு அடிக்க வேண்டும். நான்காவது ரகம் ஏற்கெனவே பி.யு. (பாலியூரித்தேன்) ஸ்ப்ரே அடித்தது, நான்கு ஓரமும் கோடில்லாமல் ஒரே நிறமாக இருக்கும். தேய்த்துவிட்டு மறுபடி அடிக்க இதைவிடச் சுலபமானது கிடையாது, உனக்கு வாய்க்கவில்லை.

சரி, மைக்காதான் என்று வைத்துக்கொள்வோம். எடுத்தவுடன் மொத்தக் கிச்சனையும் கழற்றாதே. ஒரே ஒரு ஷட்டர். நான் இரண்டாவது தடவை, 2021 பிப்ரவரியில், அப்படித்தான் ஆரம்பித்தேன். ஃபிரிட்ஜுக்கு மேலே யார் கண்ணிலும் படாத குட்டி ஷட்டரை எடுத்து, கழுவி, தேய்த்து, பாதியில் ஒரு பிரைமர், பாதியில் இன்னொரு பிரைமர், மேலே ஒரே பெயின்ட். மூன்று நாள் பால்கனியில் வைத்துவிட்டு, புது பிளேடால் குறுக்கும் நெடுக்குமாக, கோலப் புள்ளி வரிசை மாதிரி, சின்னச் சின்னக் கட்டங்கள் விழும்படி கீறினேன். அதன் மேல் பிரவுன் டேப்பை அழுத்தி ஒட்டி, ஒரே இழுப்பில் பிய்த்தேன். ஒரு பாதியில் கட்டம் கட்டமாக டேப்போடு வந்துவிட்டது. மறு பாதியில் டேப் வெறுமனே வந்தது. பெயின்ட் தொழிற்சாலைகளில் பிடிமானத்தைச் சோதிக்கும் முறையும் இதுதான், அவர்களிடம் அளவான கத்தி இருக்கும், நம்மிடம் சவர பிளேடு. உன் வீட்டுக்காரர் இதைச் சந்தோஷமாகச் செய்வார், அவரிடம் விடு. டேப்போடு பெயின்ட் வந்தால் ஒரு ஷட்டரோடு போச்சு என்று சிரித்துவிட்டு வேறு பிரைமர் வாங்கலாம்.

இப்போது கழுவுவது. இதில் அவசரப்பட்டவர்கள்தான் பின்னால் அழுகிறார்கள். தினமும் கடுகு தாளித்த எண்ணெய்ப் புகை பன்னிரண்டு வருஷமாக அந்த ஷட்டர்களில் படிந்து, காய்ந்து, வார்னிஷ் மாதிரி இறுகியிருக்கும். சிம்னிக்கு இரண்டு பக்கமும் விரலால் தேய்த்துப் பார், பிசுபிசு என்று உருண்டு வரும். பாத்திரம் தேய்க்கும் சோப்பு அதற்குப் போதாது. வாஷிங் சோடா வாங்கு. ஆப்ப சோடா அல்ல, துணிக்குப் போடுகிற சோடா. அரை பக்கெட் வெந்நீருக்கு இரண்டு பெரிய கரண்டி, கையுறை போட்டுக்கொண்டு, பச்சை ஸ்கிரப்பர். ஓரங்களில் தண்ணீர் தேங்க விடாதே, உள்ளே பலகை ஊறிவிடும். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு தடவை துடை.

நல்ல தண்ணீர் என்றால் நிஜமாகவே நல்ல தண்ணீர். உங்கள் அபார்ட்மென்ட்டில் போர்வெல் தண்ணீர்தானே? குழாயடியில் வெள்ளைப் பொருக்குப் படிகிற அந்த உப்பு ஷட்டரிலும் காய்ந்து ஒரு படலமாக நிற்கும், அதன் மேல் பிரைமர் பிடிக்காது. கடைசித் துடைப்புக்குக் காவேரித் தண்ணீரோ, ஆர்.ஓ. தண்ணீரோ ஒரு சொம்பு போதும். இன்னொன்று, இத்தனை வருஷத்தில் யாராவது ஃபர்னிச்சர் பாலிஷ் ஸ்ப்ரே அடித்திருந்தால் அதில் சிலிகோன் இருக்க வாய்ப்புண்டு. பெயின்ட் அடிக்கும்போது மீன் கண் மாதிரி வட்ட வட்டமாகக் குழி விழும். சந்தேகம் இருந்தால் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடை, ஒவ்வொரு துடைப்புக்கும் துணியின் புது மடிப்பு.

அடுத்து உப்புத்தாள். 220 நம்பரில் ஆரம்பித்து 320-ல் முடி. கடைக்காரர் 80 கொடுத்தால் வாங்காதே, உழுதுவிடும். நமக்கு வேண்டியது பளபளப்பு போவது மட்டும்தான். தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றிக்கொண்டு, வட்டமாகத் தேய். முகம் தெரிந்த ஷட்டர் சிலேட்டுப் பலகை மாதிரி மங்கிவிட வேண்டும். எங்காவது பழுப்பு நிறம் எட்டிப் பார்த்தால் உடனே நிறுத்து, டிசைன் தாளைத் தாண்டிவிட்டாய். ஓரத்திலும் மூலையிலும் கையை லேசாக வை, அங்கேதான் சீக்கிரம் தேயும். தூசியை மூச்சில் இழுக்காதே, மாஸ்க் போடு. ஈரமாகத் தேய்க்கும் வாட்டர் பேப்பர் வாங்கினால் தூசி பறக்காது. ஓரத்தில் ஈரம் இறங்காமல் மட்டும் பார்த்துக்கொள்.

தேய்த்தது போதுமா என்று எப்படித் தெரியும்? துடைத்த ஷட்டரை நிமிர்த்தி வைத்து ஒரு கை தண்ணீர் தெளி. தாமரை இலையில் விழுந்த மாதிரி முத்து முத்தாக உருண்டால் இன்னும் எண்ணெயோ பளபளப்போ மிச்சம் இருக்கிறது. படலமாக விரிந்து ஒட்டி வழிந்தால் போதும். இருபத்தொரு ஷட்டரில் நாலு எனக்கு இந்தப் பரீட்சையில் தோற்றது, நாலும் சிம்னி பக்கத்தில் இருந்தவை. மறுபடி சோடா, மறுபடி துடைப்பு.

கழற்றுவதைப் பற்றிச் சொல்ல மறந்தேனே. மாட்டியபடியே அடிக்கலாம் என்று பெயின்டர் சொன்னால் வேண்டாம் என்று சொல். நிமிர்ந்து நிற்கும் ஷட்டரில் பெயின்ட் வழியும், ஓரம் விட்டுப்போகும். பெரும்பாலான கீல்களில் பின்னால் ஒரு சின்ன நாக்கு இருக்கும், அழுத்தினால் கழன்று வரும். அதற்கு முன் ஒரு தாளில் கிச்சனின் படம் வரைந்து, ஒவ்வொரு ஷட்டருக்கும் எண் கொடு. அந்த எண்ணை ஷட்டரில் எங்கே எழுதுவது? டேப் ஒட்டி எழுதினால் தேய்க்கும்போது போய்விடும். கீல் உட்காரும் 35 மில்லிமீட்டர் வட்டக் குழி இருக்கிறதே, அதற்குள் மார்க்கரால் எழுதி, மேலே டேப் ஒட்டிவிடு. அங்கே பெயின்ட் போகப்போவதில்லை. ஒவ்வொரு ஷட்டரின் கீலும் திருகும் தனித்தனி தயிர் டப்பாவில், அதே எண்ணோடு. ஒரே மாதிரி இருக்கிறதே என்று கலந்துவிட்டால், திரும்ப மாட்டும்போது ஒன்று ஏறும், ஒன்று இறங்கும், வாசலில் விட்ட செருப்பு ஜோடி மாறின கதைதான். திருகு ஓட்டை தளர்ந்திருந்தால், ஃபெவிகாலில் நனைத்த தீக்குச்சி இரண்டை உள்ளே செருகி, காய்ந்ததும் வெட்டிவிட்டு மாட்டு.

கைப்பிடியை மாற்றப் போகிறாயா? இப்போதே முடிவு செய். பழைய ஓட்டைக்கு நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து, அதே அளவில் புதுசு வாங்கினால் வேலையே இல்லை. இல்லாவிட்டால் ஓட்டையைப் பட்டி பார்த்து மூட வேண்டும். மரத்துக்குப் போடும் பட்டி மைக்காவில் உதிரும். கார் டிங்கரிங் வேலைக்குப் போடும் பாலியஸ்டர் பட்டி இருக்கிறதே, ஜே.சி. ரோடு பக்கம் கார் சாமான் கடைகளில் கேள், இரும்பு மாதிரி நிற்கும். ஓரப்பட்டை எழும்பியிருந்தால் அதையும் இப்போதே ஒட்டி, ஒரு நாள் கிளாம்ப் போட்டு வை.

பிரைமர். இங்கேதான் நீ கடையில் ஏமாறுவாய், ஏமாற்றுவதற்காக இல்லை, பழக்கத்தால். "வுட்டுக்குத்தானே மேடம்" என்று வெள்ளை வுட் பிரைமரைத் தூக்கி வைப்பார்கள். அது வெறும் மரத்துக்கு. நமக்கு வேண்டியது டைல்ஸ், லேமினேட், கண்ணாடி போன்ற வழவழப்பான பரப்புக்கு என்று டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும் பாண்டிங் பிரைமர். இல்லையென்றால் இரண்டு டப்பாவாக வரும் எபாக்சி பிரைமர். எபாக்சியில் பிசினும் ஹார்டனரும் டப்பாவில் போட்டிருக்கும் அளவில்தான் கலக்க வேண்டும். கண் அளவு, சமையல் கைப்பக்குவம் எல்லாம் இங்கே செல்லாது. கலந்ததைச் சில மணி நேரத்துக்குள் அடித்துவிட வேண்டும், மிச்சம் கல்லாகிவிடும். ஆகவே நாலைந்து ஷட்டருக்கு வேண்டியதை மட்டும் கலக்கு. என் பரீட்சையில் பிழைத்தது எபாக்சிதான். வாசனை கொஞ்சம் அதிகம், பால்கனி இருந்தால் சமாளிக்கலாம்.

வழவழப்பில் பிடிக்கிற சக்தி அரக்குக்கும் உண்டு. வெளிநாடுகளில் அரக்கில் செய்த பிரைமர் ரொம்பப் பிரபலம். அரக்கு என்னவோ நம் ஜார்க்கண்ட் பக்கத்துச் சரக்கு. 1924-லேயே ராஞ்சியில் அதற்கு ஓர் ஆராய்ச்சி நிலையம் வைத்தார்கள். மைசூரு ரோட்டில் சென்னபட்டணத்தில் கடைசல் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தி, அந்தச் சூட்டிலேயே நிறம் ஏற்றுவதைப் பார்த்திருக்கிறாயே, அதே அரக்கு. ஆனால் சூடும் சோடாவும் படுகிற இடத்தில் அரக்கு மட்டும் தாங்காது. மஞ்சள் கறையோ எண்ணெய்க் கறையோ மேலே கசியாமல் அடைக்க அங்கங்கே போடலாம், அவ்வளவுதான்.

பெயின்ட்டுக்கு வருவோம். சுவர் எமல்ஷன் மிச்சம் இருக்கிறது என்று எடுத்துவிடாதே. காய்ந்த பிறகும் அது லேசாக ஒட்டும் குணம் உள்ளது, ஷட்டரை மூடினால் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு 'பிச்' என்று திறக்கும். ஆயில் எனாமல், குறிப்பாக வெள்ளை, வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளாகும். பூஜை அலமாரியின் உள்பக்கம் பார்த்திருப்பாய். உனக்கு நான் சொல்வது தண்ணீரில் கரையும் எனாமல். வாசனை குறைவு, மஞ்சளாகாது, சீக்கிரம் காயும். பரணில் பழைய ஓனர் காலத்து டப்பா ஏதாவது இருந்தால் தொடாதே. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பாவில் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? குழந்தை தவழுகிற வீடு.

எவ்வளவு வாங்குவது? ஒவ்வொரு ஷட்டரின் நீள அகலத்தை அடியில் அளந்து பெருக்கிக் கூட்டு. என் கிச்சன் முன்பக்கம் மட்டும் 70 சதுர அடி வந்தது. ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்கு 100 சதுர அடி என்று தாராளமாகவே கணக்கு வைத்தேன். பிரைமர் ஒரு லிட்டர், பெயின்ட் இரண்டு கோட்டுக்கு இரண்டு லிட்டர், கொஞ்சம் மிச்சம். உள்பக்கத்தை நான் தொடவில்லை. திறந்தால் பழைய நிறம் தெரியுமே என்றால், தெரியட்டும்.

பிரஷ் வேண்டாம், கோடு விழும். நாலு இஞ்ச் நுரை ரோலர். ஷட்டரைப் படுக்க வைத்து, நாலு மூலைக்கும் அடியில் எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்து வைத்தால் ஓரமும் எட்டும். முதலில் ஓரம், பிறகு முகம். மெல்லிசாக, அடியில் இருப்பது தெரிந்தாலும் பரவாயில்லை என்ற அளவுக்கு மெல்லிசாக அடி. தோசைக்கு மாவை இழுக்கிற கை இங்கே வேண்டும், ஊத்தப்பக் கை வேண்டாம். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் டப்பாவில் சொன்ன நேரம் விட்டு, 320 தாளால் பூ மாதிரி ஒரு தடவு, தூசி துடைப்பு.

நிறம் உன் இஷ்டம். பளபளப்பு மட்டும் என் பேச்சைக் கேள்: சாட்டின். முழுப் பளபளப்பில் ரோலர் தடமும் தூசியும் பூதக்கண்ணாடியில் பார்த்த மாதிரி தெரியும். முழு மேட்டில் மஞ்சள் பொடி கை பட்டால் போகவே போகாது. அப்படிப் பட்டுவிட்டாலும் போட்டுத் தேய்க்காதே, வெயில் விழுகிற இடமாக இருந்தால் இரண்டு மூன்று நாளில் தானாக வெளுக்கும். மஞ்சளின் நிறம் வெயிலுக்குத் தாங்காது, துணி காயப்போடுகிற நமக்குத் தெரியாததா!

பழைய பளபளப்பேதான் வேண்டும், தொழிற்சாலை மாதிரி வேண்டும் என்றால் அது பி.யு. ஸ்ப்ரே வேலை. அதை ஃப்ளாட்டுக்குள் செய்ய யார் வந்தாலும் உள்ளே விடாதே. பி.யு. ஹார்டனரில் ஐசோசயனேட் என்று ஒன்று இருக்கிறது, ஸ்ப்ரே மூடுபனியாக மூச்சில் போனால் ஆஸ்துமாவையே கொண்டுவரும். சாதாரண மாஸ்க் அதைத் தடுக்காது, அடிக்கிறவருக்கே கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும். ஷட்டர்களைக் கழற்றி, பழைய போர்வையில் சுற்றி, ஸ்ப்ரே பூத் வைத்திருக்கும் ஃபர்னிச்சர் பட்டறைக்கு அனுப்பிவிடு. கழுவுவதையும் எண் போடுவதையும் மட்டும் நீயே செய்து அனுப்பு.

ஆள் வைத்துத்தான் செய்யப் போகிறாய் என்றாலும் இவ்வளவும் நீ தெரிந்துவைத்திருக்க வேண்டும். நம் ஊர்ப் பெயின்டரிடம் எதைக் கேட்டாலும் வருகிற பதில் "ஆகத்தே மேடம்", அதாவது ஆகும். தேய்ப்பீங்களா? ஆகத்தே. எபாக்சி போடுவீங்களா? ஆகத்தே. நாளைக்கு வருவீங்களா? அதற்கும் ஆகத்தேதான். ஆகவே 'ஆகுமா' என்று முடியும் கேள்வியே கேட்காதே. எந்த நம்பர் தாள், எந்தக் கம்பெனி பிரைமர், எத்தனை கோட், ஷட்டர் கணக்கா சதுர அடிக் கணக்கா, கழற்றி மாட்டுகிற கூலி அதில் சேர்த்தியா என்று கேட்டு, அவர் கண் முன்னாலேயே ஒரு தாளில் எழுது. டப்பாவை நீ வாங்கிக் கொடு. முதல் நாள் தேய்க்கும்போது கூட நின்று, தண்ணீர் தெளித்துப் பார்த்துவிட்டுப் பிரைமருக்குச் சம்மதம் சொல்.

எப்போது செய்வது? இப்போது அக்டோபர் மழை, தொடாதே. காற்றில் ஈரம் இருந்தால் பெயின்ட் காய்ந்த மாதிரி நடிக்கும். பொங்கல் முடிந்து மார்ச் வரை பெங்களூருக்கு உலர்ந்த காலம், அதற்குள் முடித்துவிடு. ஏப்ரல் வந்தால் மத்தியானம் மூன்று மணிக்கு எங்கிருந்தோ ஒரு மாங்காய் மழை வந்து பால்கனியில் வைத்த ஷட்டரை நனைத்துவிட்டுப் போகும். அசோசியேஷனில் ஞாயிற்றுக்கிழமை தட்டிக் கொட்டுகிற வேலைக்கு விடமாட்டார்கள், அதையும் விசாரி.

கிச்சனை மூட வேண்டியதில்லை. மேல் வரிசை ஒரு வாரம், கீழ் வரிசை ஒரு வாரம். ஷட்டர் இல்லாத அலமாரியில் சாமான் எல்லாம் பப்பரப்பே என்று தெரியும், தெரிந்தால் என்ன? ஆனால் பெயின்ட் ஈரமாக இருக்கும் அறையில் தாளிக்காதே. எண்ணெய்ப் புகை ஈரப் பெயின்ட்டில் உட்கார்ந்தால் இத்தனை கழுவலும் பாழ். அந்த நாட்களில் இன்டக்‌ஷன் அடுப்பை ஹாலுக்கு மாற்று, தயிர்சாதம், சேவை, வெளியில் ஒரு நாள் தோசை. எபாக்சியோ தின்னரோ திறந்திருக்கும்போது கேஸ் வால்வை மூடிவிடு, அடுப்போரத்துப் பூஜை மாடத்தில் விளக்கும் ஏற்றாதே. தின்னர் ஆவி கனமானது, கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தவழ்ந்து போகும். சாமியை இரண்டு நாள் ஹாலில் எழுந்தருளச் செய், கோபித்துக்கொள்ள மாட்டார்.

உன் ஆபீஸ் தோழி வாடகை வீட்டில் இருக்கிறாளே, அவளும் கேட்டாள் என்றாய். அவள் பெயின்ட் பக்கமே போக வேண்டாம். காலி செய்யும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடிக்கிற ஊர் இது. அதற்கு மேல் கிச்சன் நிறத்தை மாற்றினாள் என்று வேறு ஒரு தொகை பிடிப்பார்கள். உரித்து எடுக்கக்கூடிய வினைல் ஸ்டிக்கர் போதும், அதையும் ஓனரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு.

எல்லாம் மாட்டி முடித்த அன்றைக்கு உனக்குத் துடைக்கக் கை பரபரக்கும். மூன்று வாரம் ஈரத்துணி படக் கூடாது. தொட்டால் காய்ந்திருக்கும், உள்ளே இறுகியிருக்காது. நகம் பட்டால் பள்ளம் விழும். ஷட்டர் மூடும் இடத்தில் குட்டி ரப்பர் பொட்டு ஒட்டிவிடு. கைத்துண்டை ஷட்டர் கைப்பிடியில் மாட்டுகிற நம் அம்மா பழக்கத்தை விட்டுவிடு, சுவரில் ஒரு கொக்கி அடி. மிச்சப் பெயின்ட்டைப் பழைய ஊறுகாய் பாட்டிலில் விளிம்பு வரை ஊற்றி இறுக்கி மூடி, நிறத்தின் நம்பரையும் தேதியையும் மூடியில் எழுது. 2021-ல் ஊற்றிய என் பாட்டிலை இரண்டு தடவைதான் திறந்திருக்கிறேன், இரண்டும் குக்கர் இடித்த இடத்துக்கு.

அடுத்த சனிக்கிழமை வருகிறேன். மழையாக இருந்தாலும் ஒரு ஷட்டர் பரீட்சையை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்த்துவிடலாம். எபாக்சியும் பிளேடும் நான் கொண்டுவருகிறேன். ஃபிரிட்ஜுக்கு மேலே இருக்கும் குட்டி ஷட்டரைக் கழற்றி, சோடா போட்டுக் கழுவி வை. திருகு தயிர் டப்பாவில்.